என் மூலையில் நின்ற கூட்டம்

உட்காருங்கம்மா, தாராளமா உட்காருங்க. பையை நான் மடியில வச்சுக்கிறேன். திருச்சிதானே? நானும் திருச்சிதான். இல்லை, இங்க யாரும் வரலை. எனக்குன்னு பிடிச்சு வச்ச சீட்டு முன்னாடி கிடக்கு. டிரைவருக்குப் பின்னாடி ரெண்டாவது வரிசை, ஊதாக் கலர்ல ஒரு கைக்குட்டை விரிச்சுக் கிடக்கு பாருங்க, அதுதான். அதுல நான் உட்கார மாட்டேன். பின் டயர் மேல தூக்கித் தூக்கிப் போட்டாலும் சரி, இங்கதான் உட்காருவேன்.

ஏன்னு கேளுங்க. கேக்கலாம், தப்பில்லை.

அந்தக் கைக்குட்டைக்குப் பக்கத்துல ஒருத்தி உட்கார்ந்திருக்கால்ல, கண்டக்டர்கிட்டப் பல்லைக் காட்டிப் பேசிக்கிட்டு? அவதான். ரெஜினா. பஸ் இன்னும் திண்டுக்கல் ஸ்டாண்டையே தாண்டலை, அதுக்குள்ள கண்டக்டரோட மக பிளஸ் டூவுல என்ன மார்க்குன்னு தெரிஞ்சுக்கிட்டா. நானும் இந்தத் திருச்சி பஸ்ஸில வருஷக்கணக்காப் போறேன். எந்தக் கண்டக்டராவது என்கிட்ட மகளைப் பத்திப் பேசியிருப்பானா? சில்லறை இருக்கான்னுதான் கேப்பான்.

என் பேரு சௌந்தரவல்லி. தாடிக்கொம்புப் பெருமாள் கோயில்ல தாயார் பேரு அது, எங்கப்பா ஆசையா வச்சது. பழனி ரோட்டுல மாடியில எங்க மையம் இருக்கு, போர்டு பார்த்திருப்பீங்களே? பார்த்ததில்லையா? பெரிய போர்டும்மா. சரி விடுங்க.

ஊர்ல நாலு பேரு சேர்ந்து நல்லது பண்ணணும்னு ஒரு சங்கம் ஆரம்பிப்பாங்க. ஆரம்பிச்சிருவாங்க, அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. எப்படிப் பதிவு பண்றது, எப்படிக் கூட்டம் நடத்துறது, கலெக்டர் ஆபீஸ்ல எந்த மேசைக்குப் போறது, எதுவும் தெரியாது. அதையெல்லாம் சொல்லிக் குடுக்கிறது எங்க மையம். சங்கம் ஊருக்கு ஒத்தாசை பண்ணும், சங்கத்துக்கு நாங்க ஒத்தாசை பண்ணுவோம். இந்த மாதிரி மையம் நாடு முழுக்க உண்டு, தலைமை டெல்லியில. திண்டுக்கல்லுக்கு நான்தான் பொறுப்பு. இந்தச் சுத்துவட்டாரத்துல எந்தச் சங்கத்தை எடுத்தாலும் நான் பேரு வச்சதாத்தான் இருக்கும்.

சும்மா சொல்லலை. நத்தம் பக்கம் புளி தட்டுற பொம்பளைங்க சங்கம் ஒண்ணு இருக்கு. தலைவி பொன்னாத்தா. அவங்க என்கிட்ட வந்தப்போ சங்கத்துக்கு அவங்க ஊரு அம்மன் பேரை வைக்கணும்னு நின்னாங்க. நான் சொன்னேன், இதென்ன பேரு, மினி பஸ்ஸுக்கு வைக்கிற மாதிரின்னு. 'புதிய உதயம் மகளிர் மேம்பாட்டுச் சங்கம்'னு நான் வச்சேன். எவ்வளவு கம்பீரமா இருக்கு? இன்னிக்கும் பொன்னாத்தாவுக்கு அந்தப் பேரு முழுசா வாயில வராது, அது வேற விஷயம். ஆனா அந்தச் சங்கம் நான் வளர்த்த பிள்ளைம்மா. எனக்குன்னு வீட்டுல யாரு இருக்கா? கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் பண்ணிக்கலை. இவங்கதான்.

கண்டிப்பா இருப்பேன், இல்லைங்கலை. செவ்வாய்க்கிழமை மட்டும்தான் ஆளுங்களைப் பார்ப்பேன். ஒரு சங்கம் உள்ள இருந்தா அடுத்த சங்கம் மாடிப்படியில நிக்கணும். அழுதுக்கிட்டே பேசினா, போய் முகத்தைக் கழுவிட்டு வான்னு அனுப்பிருவேன். பெத்தவ திட்டினா பிள்ளை கோவிச்சுக்குமா? அந்த உரிமைதான்.

இதோ இந்த ரெஜினாவும் என்கிட்ட வேலை கத்துக்கிட்டவதான். புதுக்கோட்டைக்காரி. சின்னப் பொண்ணா வந்தா, ரெண்டு சேலையை மாத்தி மாத்திக் கட்டிக்கிட்டு. ஒரு கூட்டத்தை எப்படி ஆரம்பிக்கணும், எப்படி முடிக்கணும், பேசாதவங்களை எப்படிப் பேச வைக்கணும், எல்லாம் நான் போட்ட பிச்சை. பிச்சைங்கிறது தப்பு, அவ கேட்டா வருத்தப்படுவா. நான் சொல்லிக் குடுத்தது. அப்புறம் புதுக்கோட்டை மையத்துக்கு அவளையே பொறுப்பாப் போட்டாங்க. போடட்டும், நல்லா இருக்கட்டும்னுதான் நெனைச்சேன். அவ அங்க, நான் இங்க, நடுவுல அம்புட்டு தூரம் இருக்கு. அப்போல்லாம் எனக்கு அவ மேல ஒண்ணும் இல்லைம்மா.

எல்லாம் என் முழங்கால் ஆபரேஷனால வந்தது. மூணு மாசம் நான் படுத்துட்டேன். அந்த நேரத்துல மையத்தைப் பார்த்துக்கன்னு இவளை அனுப்பினாங்க. பகல்ல மையத்துல இருப்பா. சாயங்காலம் ஆனா ஆஸ்பத்திரிக்கு வந்துருவா, ஒரு தூக்குல கஞ்சியோட. தினமும். கட்டில்ல உட்கார்ந்து, அக்கா இன்னிக்கு இவங்க வந்தாங்க, அக்கா இன்னிக்கு அவங்க வந்தாங்கன்னு ஒண்ணு விடாம சொல்லுவா. என்னை வெறுப்பேத்தத்தானே? காலைத் தூக்க முடியாமக் கிடக்கிறவகிட்ட வந்து, உன் ஆளுங்க எல்லாம் என்னைத் தேடி வந்தாங்கன்னு சொன்னா எப்படி இருக்கும்? கஞ்சி நல்லா இருந்துச்சு, அதை நான் மறைக்கலை.

ஒருநாள் பொன்னாத்தாவும் நாலைஞ்சு பொம்பளைங்களும் ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அவ்வளவு தூரத்துல இருந்து பஸ் ஏறி என்னைப் பார்க்க வந்திருக்காங்களேன்னு தலையைக் கோதிக்கிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். பொன்னாத்தா கதவுகிட்டயே நின்னுக்கிட்டு, "மேடம், ரெஜினா அக்கா இன்னும் வரலையா?"ன்னு கேட்டா. நான் மேடமாம். இவ அக்காவாம்.

கால் சரியாகி நான் திரும்பி வந்தப்போ மையத்தைப் பார்க்கணுமே! நாற்காலியெல்லாம் மடக்கி ஓரமா வச்சிருக்கு. தரையில ஜமுக்காளம். மாடிப்படியில ஒருத்தரும் நிக்கலை, எல்லாரும் உள்ள. ஒரு பக்கம் ஒரு கைக்குழந்தை தூங்குது. எந்தச் சங்கம் எதுன்னே தெரியலை, நத்தத்துக்காரங்க பிரச்சினைக்கு வேடசந்தூர்க்காரங்க யோசனை சொல்லிக்கிட்டு இருக்காங்க. நான் அன்னிக்கே நாற்காலியை விரிச்சுப் போட்டேன். இவளும் புதுக்கோட்டைக்குக் கிளம்பிட்டா. அதோட தீர்ந்துச்சுன்னு நெனைச்சேன்.

அந்த நேரம் பார்த்து டெல்லியில சீரமைப்புன்னு ஒண்ணைக் கிளப்பினாங்க. எதுக்கு இத்தனை மையம், ரெண்டு ரெண்டா சேர்த்து ஒண்ணாக்குங்கன்னு நாடு முழுக்க உத்தரவு. எங்களுக்கு வந்தது திண்டுக்கல்லும் புதுக்கோட்டையும். ஒண்ணு நிக்கும், ஒண்ணை மூடிருவாங்க. எது நிக்கணும்னு யார் முடிவு பண்றது? சங்கங்களே முடிவு பண்ணட்டும், ஒத்தாசை வாங்குறவங்களுக்குத்தானே தெரியும் எது நல்ல ஒத்தாசைன்னு, அப்படின்னு டெல்லியில இருந்து வந்த குல்கர்னி சார் சொல்லிட்டார்.

எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. இதுல என்ன முடிவு பண்ண இருக்கு? புதுக்கோட்டைக்காரங்க அவ பக்கம் போவாங்க, என் ஆளுங்க என் பக்கம் இருப்பாங்க. என் பக்கம்தான் சங்கம் அதிகம். கணக்கு நேரா இருக்கு.

குல்கர்னி சார் சீட்டு எழுதிப் பெட்டியில போடச் சொல்லலாம்னார். நான்தாம்மா வேண்டாம்னேன். நானே. நாம என்ன எலெக்‌ஷனா நடத்துறோம், பாதிப் பேருக்கு எழுதவும் வராது, மூலை விளையாட்டு வச்சிருவோம் சார்னு சொன்னேன்.

மூலை விளையாட்டு தெரியாதா? பயிற்சியில நாங்க வழக்கமா வைக்கிறது. ஒரு கேள்வி கேப்போம். குடிச்சிட்டு வர்ற புருஷனுக்குச் சோறு போடலாமா, கூடாதா? போடலாம்னா இந்த மூலையில போய் நில்லு, கூடாதுன்னா அந்த மூலை. வாயைத் திறந்து சொல்லக் கூச்சப்படுற பொம்பளைகூட காலால சொல்லிருவா. நின்னதுக்கு அப்புறமும் யோசிக்கலாம். மனசு மாறினா கால் மாறலாம், யாரும் கேலி பண்ணக் கூடாது. இந்த விதி நான் போட்டது. இன்னிக்கு யாரு எங்க இந்த விளையாட்டை நடத்தினாலும் இந்த வாக்கியத்தைச் சொல்லித்தான் ஆரம்பிப்பாங்க, ஆனா அது என் வாக்கியம்.

எதுக்கு மூலை கேட்டேன்னு உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. சீட்டுன்னா முதுகைத் திருப்பிக்கிட்டு என்ன வேணா எழுதலாம். மூலைன்னா என் கண்ணு முன்னாடி நடக்கணும். என் முகத்தைப் பார்த்துக்கிட்டு எப்படி அந்தப் பக்கம் போவாங்க?

அடடா, வையம்பட்டி தாண்டிருச்சா. இனி மணப்பாறைதான். அந்த ஊர்ல ஒரு கல்யாண மண்டபத்துலதான் நடந்துச்சு. ரெண்டு மாவட்டத்துக்கும் பொதுவா இருக்கட்டும்னு அங்க வச்சாங்க. நான் நீலக் கலர்ல சுங்குடிச் சேலை கட்டியிருந்தேன், புதுசு. போய் ஃபேனுக்குக் கீழ இருந்த மூலையா பார்த்து நின்னுக்கிட்டேன், என் ஆளுங்க வந்து நிக்கிறப்போ வேர்க்கக் கூடாதேன்னு. அவ எதிர் மூலையில நின்னா. அங்க ஃபேன் இல்லை.

குல்கர்னி சார் கையைத் தட்டினார். எல்லாரும் எழுந்திருச்சாங்க.

புதுக்கோட்டைக்காரங்க நேரா அவகிட்டப் போனாங்க, அது எதிர்பார்த்ததுதான். அப்புறம் என் வேடசந்தூர் சங்கம் எழுந்திருச்சுது. ஒருத்தரும் என்னைப் பார்க்கலை, தரையைப் பார்த்துக்கிட்டே நடந்தாங்க. எங்க போறாங்கன்னு எனக்கு முதல்ல புரியவே இல்லை. தண்ணி குடிக்கப் போறாங்க போலன்னு நெனைச்சேன். நிஜமாத்தான். அதுக்குப் பின்னாடி ஒட்டன்சத்திரம். அதுக்குப் பின்னாடி சாணார்பட்டி. கடைசியா நடுமண்டபத்துல பொன்னாத்தா நின்னா. முந்தானையை இழுத்து இடுப்புல சொருகிக்கிட்டு என்னைப் பார்த்தா. நான் தலையை ஆட்டினேன், வாடி, எதுக்கு யோசிக்கிறேன்னு. அவ ரெண்டு கையையும் கூப்பி எனக்கு ஒரு கும்பிடு போட்டா. போட்டுட்டு அந்தப் பக்கம் போயிட்டா.

என் மூலையில நான், மேல ஒரு ஃபேன், சுவத்துல சாத்தி வச்சிருந்த மண்டபத்து விளக்குமாறு. அவ்வளவுதாம்மா. எனக்கு அப்படியே வயிறு எரிஞ்சுது. அவமானம்னு சொல்ல மாட்டேன். எரிச்சல். இவகிட்ட என்ன இருக்கு? என்னைவிட நல்லாப் பேசுவாளா? என்னைவிட நாலு எழுத்து அதிகம் படிச்சிருக்காளா? இல்லை, தெரியாமத்தான் கேக்கிறேன்.

அப்போதான் அவ நடந்து வந்தா. அந்தக் கூட்டத்தை விலக்கிக்கிட்டு, மண்டபத்தைத் தாண்டி, என் மூலைக்கு. வந்து என் பக்கத்துல நின்னுக்கிட்டு குல்கர்னி சார்கிட்ட சொல்றா: "மனசு மாறினா கால் மாறலாம்னு அக்காதான் சார் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. அவங்க எங்க நிக்கிறாங்களோ அங்கதான் நானும்." என் கையைப் பிடிச்சுக்கிட்டா. கை வேர்த்திருந்துச்சு. அவ கையா, என் கையான்னு தெரியலை.

நடிப்புதானே? நீங்களே சொல்லுங்க. என் வாக்கியத்தையே எடுத்து என் முன்னாடியே பேசுறா.

இனிமேதாம்மா கேக்கணும். அவ இந்தப் பக்கம் வந்ததும் எதிர் மூலையில ஒரு சலசலப்பு. முதல்ல புதுக்கோட்டைப் பொண்ணு ஒருத்தி கிளம்பினா. அவ பின்னாடி ரெண்டு பேர். அப்புறம் பொன்னாத்தா. அப்புறம் எல்லாரும். தூக்குச் சட்டி, தண்ணி பாட்டில், கைக்குழந்தை, எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு அத்தனை பேரும் என் மூலைக்கு வந்துட்டாங்க. எதிர் மூலை காலி. நான் சுவத்தோட சுவரா ஒட்டிட்டேன். பொன்னாத்தா என்னைப் பார்த்து, "மேடம், கொஞ்சம் நகருங்க, ரெஜினா அக்கா பக்கத்துல ஒரு ஆளு நிக்கணும்"னு சொல்றா. என் மூலையில! என்கிட்ட!

குல்கர்னி சாருக்கு ஒரே சந்தோஷம். இப்படி ஒருமனதா எங்கயும் நடந்ததில்லைன்னு கையைத் தட்டு தட்டுன்னு தட்டினார். போட்டோ எடுத்தார். அந்தப் போட்டோவை மத்த மாநிலத்துக்கெல்லாம் காட்டுறாங்களாம், சீரமைப்புன்னா இப்படி இருக்கணும்னு. அதுல என் முழங்கை மட்டும் தெரியுது. நீலச் சேலைங்கிறதால நான்னு எனக்குத் தெரியும், மத்தவங்களுக்குத் தெரியாது.

ஆக, திண்டுக்கல் நின்னுது, புதுக்கோட்டையை மூடினாங்க. நான் தலைவி, அவ துணை. ஜெயிச்சது நான்தானே? எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அவ்வளவு பெரிய கூட்டம் என் மூலையில நின்னுச்சு. ஒருத்தர்கூட எனக்காக வரலை.

இவ மட்டும் வந்தா. அது கணக்குல சேராது.

அன்னையில இருந்து இவ திண்டுக்கல்லதான் வீடு பிடிச்சு இருக்கா. என்ன பண்ணலாம்னு பார்த்து அவ மேசையைப் பீரோவுக்குப் பின்னாடி போட்டேன். வாசல்ல இருந்து பார்த்தா தெரியாது. வர்றவங்க நேரா பீரோவுக்குப் பின்னாடி போறாங்க. எப்படித்தான் மோப்பம் பிடிக்கிறாங்களோ! செவ்வாய்க்கிழமை மட்டும்னு அறிவிப்பு ஒட்டினேன். அவ அதைக் கிழிக்கலை. மத்த நாள்ல இவளே அவங்க ஊருக்குப் போக ஆரம்பிச்சா. நான் தனியா உட்கார்ந்து ஃபேனைப் பார்த்துக்கிட்டு இருக்கேன். அப்புறம் நானே அந்த அறிவிப்பை எடுத்துட்டேன், கூட்டம் வந்தாலாவது மையம் மையமா இருக்கட்டும்னு.

பாருங்க பாருங்க, மணப்பாறையில ஏறின அந்த ஆளு அவ பக்கத்துல உட்காரக் கேக்கிறார். தலையை ஆட்டுறா பாருங்க. ஆளு இருக்காங்க, பின்னாடி இருக்காங்கன்னு சொல்றா. என்னைக் கை காட்டுறா. ரொம்ப உத்துப் பார்க்காதீங்கம்மா, நாம அவளைப் பத்திப் பேசுறோம்னு தெரிஞ்சிரும். இது திண்டுக்கல்லயிருந்து மூணாவது ஆளு. அந்தக் கைக்குட்டையை இன்னும் எடுக்கலை. பிடிவாதக்காரி.

இன்னிக்கு எதுக்குத் திருச்சின்னா, சீரமைப்புல ரெண்டாவது கட்டமாம். மாநிலத்துக்கு ஒரு பெரிய மையம், சென்னையில. எல்லா மாவட்டத்து மையமும் அதுக்குக் கீழ. அதுக்குப் பொறுப்பா இவளைக் கேக்கிறாங்க. குல்கர்னி சார் எனக்குப் போன் பண்ணி, மேடம், நீங்க விட்டாத்தான் எடுப்போம், திருச்சியில முகத்துக்கு நேரா சொல்லுங்கன்னார். இவகிட்ட கேட்டேன். "எனக்குத் திண்டுக்கல்லே போதும்க்கா. ஆனா நீங்க போன்னு சொன்னா போறேன்"ங்கிறா. எப்படிப் பேச்சு பாருங்க! எல்லாப் பழியும் என் தலையில.

போகட்டும்னுதான் சொல்லப் போறேன். தாராளமாக் கூட்டிட்டுப் போங்க சார்னு சொல்லிட்டு, சாயங்காலம் தனியா பஸ் ஏறி வந்து நாற்காலியெல்லாம் விரிச்சுப் போட்டு, பீரோவைச் சுவத்தோட தள்ளிட்டு, நிம்மதியா உட்காரப் போறேன். நேத்தே முடிவு பண்ணிட்டேன். அதான் அவ பக்கத்துல உட்காரலை. பக்கத்துல உட்கார்ந்தா ஏதாவது பேசுவா, எனக்கு மனசு மாறிரும்.

என்னம்மா, நீங்களும் ஏதோ கேக்கணும்னு வாயைத் திறந்து திறந்து மூடுறீங்க. கேளுங்க.

ஓ. காது கேக்காத பிள்ளைங்களோட அம்மாமாரா? வேடசந்தூர்லயா? எத்தனை பேர் சேர்ந்திருக்கீங்க? நல்ல விஷயம்தான். பதிவு பண்ணலையா இன்னும்? முதல்ல அதைப் பண்ணணும். செவ்வாய்க்கிழமை வாங்க. அது என்னது, பேரு 'கைப்பேச்சு அம்மாக்கள்'னு வச்சிருக்கீங்களா? வேண்டாம்மா, நான் வேற நல்ல பேரு சொல்றேன்.

என்ன? அது இல்லையா பிரச்சினை?

வீட்டு ஆம்பளைங்க விட மாட்டேங்கிறாங்களா? பிள்ளைக்குக் காது கேக்கலைன்னு ஊருக்கெல்லாம் தெரிஞ்சிரும்னு அடிக்கிறாங்களா? அட பாவிங்களா. இந்தாங்க, கண்ணைத் துடைச்சுக்கங்க. அழுதா எனக்கு... முகத்தைக் கழுவுன்னு சொல்ல பஸ்ஸில எங்க தண்ணி இருக்கு. அழுங்க, பரவாயில்லை.

அதுக்கு என்ன பண்றதுன்னு என்னைக் கேட்டா, எனக்கு... அதுக்கெல்லாம் விதின்னு ஒண்ணும் இல்லைம்மா. இந்த மாதிரியெல்லாம் அவதான் பார்ப்பா. வீட்டுக்கே போயிருவா. அந்த ஆம்பளைகிட்டயே போய் உட்காருவா. கொஞ்ச நாள்ல அந்த ஆளு சங்கக் கூட்டத்துக்கு ஜமுக்காளம் விரிச்சுக்கிட்டு இருப்பான், நானே கண்ணால பார்த்தேன். இவ என்னதான் பேசுறாள்னு ஒருநாள் பீரோவுக்கு இந்தப் பக்கம் நின்னு காதைக் குடுத்துக் கேட்டேன். ஒண்ணுமே பேசலைம்மா. அவங்க சொல்றதைக் கேட்டுக்கிட்டே இருக்கா. அவ்வளவுதான். அதுல என்ன இருக்கு, அதை யாரு வேணா செய்யலாம். நானும் ஒருநாள் அப்படி வாயை மூடிக்கிட்டு இருந்து பார்த்தேன். வந்தவங்க, மேடத்துக்கு உடம்பு சரியில்லை போலன்னு எழுந்து போயிட்டாங்க.

சென்னைக்குப் போனா இவ சும்மா இருப்பான்னு நெனைக்கிறீங்களா? அங்கயும் ஜமுக்காளத்தை விரிப்பா. எல்லா மாவட்டத்துக்காரங்களும் அக்கா அக்கான்னு வந்து விழுவாங்க. சென்னைக்காரி ஒவ்வொருத்தியும் எங்க ரெஜினா, எங்க ரெஜினான்னு சொல்லிக்கிட்டுத் திரிவா. எவளாவது ஒருத்தி இவ கையைப் பிடிச்சுக்கிட்டு போட்டோவுல நிப்பா, முழு முகமும் தெரியுற மாதிரி. ஆஸ்பத்திரியில எவளாவது படுத்தா இவ கஞ்சியைத் தூக்கிக்கிட்டு ஓடுவா. அவளுக்கெல்லாம் எதுக்கும்மா இவ? இவளுக்குக் கூட்டத்தை ஆரம்பிக்கச் சொல்லிக் குடுத்தது யாரு? அவளுகளா? நான். குல்கர்னி என்ன, டெல்லியே வந்து கேட்டாலும் விட மாட்டேன். முடியாது சார்னு முகத்துக்கு நேரா சொல்லிருவேன். சாயங்காலம் கையோட கூட்டிக்கிட்டுத்தான் திண்டுக்கல் போவேன்.

சிரிக்கிறீங்களா? அழுதுக்கிட்டு இருந்தவங்க சிரிக்கிறீங்க. என்ன சொல்லிட்டேன் இப்போ?

எங்க எழுந்திரிக்கிறீங்க? திருச்சிக்கு இன்னும் நேரம் கிடக்கே. ஓ. முன்னாடியா.

போங்க, போங்க. நான் வேண்டாம்னா சொன்னேன்? எல்லாரும் போறதுதான். கம்பியைப் பிடிச்சுக்கிட்டுப் போங்க, வளைவு வருது. பிள்ளையைப் பத்திச் சொல்லுங்க, வீட்டுக்காரரைப் பத்தியும் சொல்லுங்க, எல்லாத்தையும் கேட்டுக்குவா. ஆனா ஒண்ணும்மா. நின்னுக்கிட்டே பேசுங்க. கால் வலிச்சா எதிர் வரிசையில உட்கார்ந்துக்கங்க. அந்தக் கைக்குட்டை போட்ட சீட்டுல மட்டும் உட்கார்ந்துராதீங்க. அது எனக்குப் போட்டு வச்ச சீட்டு. இதோ பையை எடுத்துக்கிட்டு நானே வர்றேன்.